மக்காச்சோள அறுவடை: ஈரத்தை அளந்த பிறகு இயந்திரத்தை அழையுங்கள்

கேள்வி: சேலம் மாவட்டம் கெங்கவல்லி பக்கம் ஐந்து ஏக்கரில் ஆவணிக் கடைசியில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் விதைத்துச் சொட்டுநீரில் வளர்த்திருக்கிறேன். கதிரின் மேலுறை காய்ந்துவிட்டதால் உடனே அறுக்கலாம் என்கிறார் இயந்திரக்காரர். சென்ற போகத்தில் வியாபாரி ஈரம் என்று சொல்லி எடையைக் கழித்தார். ஜி.பி.எஸ்., அறுக்கும்போதே விளைச்சலை அளக்கும் விளைச்சல்மானி ஆகியவை பொருத்திய இயந்திரம் அவசியமா? இரண்டு கறவை மாடுகள் உள்ளன. அவற்றுக்காகத் தட்டையை (கதிர் எடுத்த பின் நிற்கும் தண்டை) எடுத்தால் மண் கெடுமா?

பதில்: மேலுறை காய்ந்திருப்பதை மட்டும் நம்பி அறுக்க வேண்டாம். வயலின் நான்கைந்து இடங்களில் கதிர் ஒடித்து, நடுப்பகுதி மணியைப் பெயர்த்து, தக்கையோடு (கதிரின் நடுத்தண்டோடு) ஒட்டியிருந்த நுனியை நகத்தால் கீறிப் பாருங்கள். அங்கே கருநிற அடுக்கு தெரிந்தால் மணி முற்றிவிட்டது; இனி நீர் பாய்ச்சத் தேவையில்லை. ஆனால் அந்த நிலையில் மணியில் 30 சதவீதத்துக்கும் மேல் ஈரம் இருக்கக்கூடும். அப்போது இயந்திரம் விட்டால் மணி நசுங்கும். 15 சதவீதத்துக்குக் கீழே காயவிட்டாலோ தட்டை சாய்ந்து கதிர் உதிரும். எனவே கையடக்க ஈரப்பதமானியில் 18 முதல் 22 சதவீதம் காட்டும்போது அறுப்பதே நல்லது. மார்கழிப் பனி முழுவதும் காய்ந்த பிறகே இயந்திரம் வயலில் இறங்கட்டும்.

வியாபாரியின் கழிவு நியாயமானதா என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம். 22 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோவில் உலர் எடை 780 கிலோ. வியாபாரி எதிர்பார்க்கும் ஈரம் 14 சதவீதம் என்றால், அந்த அளவுக்குக் காயும்போது சுமார் 907 கிலோ நிற்கும். ஆகவே 93 கிலோ கழிவு நியாயம். அதைவிட அதிகமாகப் பிடித்தால் காரணம் கேளுங்கள். இருப்பு வைப்பதானால் தார்ப்பாயில் 12 சதவீதம் வரை காயவையுங்கள். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். நம் மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் கோழித் தீவனத்துக்கே போவதால் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

ஐந்து ஏக்கருக்கு விளைச்சல்மானிக்காகக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு ஏக்கரையும் தனித்தனியே அறுத்து, எடைமேடையில் நிறுத்து, ஈரத்தையும் சேர்த்துக் குறித்து வைத்தாலே எந்தப் பகுதி பின்தங்குகிறது என்பது புலப்படும்; அங்கே தனியாக மண் மாதிரி எடுத்து, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறுங்கள். அதைவிட முக்கியமாக, இயந்திரத்தின் முன்பகுதி மக்காச்சோளத்துக்கானதா, உங்கள் வரிசை இடைவெளிக்குப் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சிறிது தூரம் அறுத்ததும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, பின்னால் ஒரு சதுர மீட்டரில் சிந்திய மணிகளை எண்ணுங்கள். மணி ஒன்று கால் கிராமுக்குச் சற்று மேல் இருக்கும் என்பதால், 20 மணி கிடந்தால் ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் மண்ணில் போகிறது என்று பொருள். தக்கையில் மணி ஒட்டி வந்தால் இயந்திரத்துக்குள் கதிரடிக்கும் உருளைக்கும் அதன் அடிச்சல்லடைக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க வேண்டும். மணி உடைந்து வந்தால் உருளையின் வேகத்தைத் தணிக்க வேண்டும். ஓட்டுநர் அவசரப்பட்டாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள், ஏனெனில் போகம் முழுதும் பாடுபட்டது இந்தச் சில மணி நேரத்தில்தான் கைக்கு வருகிறது.

மாடுகளுக்காக ஓர் ஏக்கரில் மட்டும் ஆள் வைத்துக் கதிர் ஒடித்து, தட்டையை அறுத்துப் போர் போடுங்கள். மற்ற நான்கு ஏக்கரில் தட்டையைத் துண்டாக்கி நிலத்திலேயே விடுங்கள், எரிக்க வேண்டாம். தட்டை மக்கும்போது மண்ணின் தழைச்சத்தைச் (நைட்ரஜனை) சில வாரங்கள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அடுத்து, தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பெறக்கூடிய உளுந்து அல்லது பாசிப்பயறு விதைப்பது பொருந்தும். உழாமல் விடுவது ஈரத்தைக் காக்கும் என்றாலும், இந்தப் போகத்தில் படைப்புழு தாக்கியிருந்தால் ஒருமுறை உழுதுவிடுங்கள். மண்ணுக்குள் மேலாகக் கிடக்கும் அதன் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு, வெயிலிலும் பறவைகளாலும் அழியும்.