கேளுங்கள், சொல்கிறேன்: ஒரு பச்சை டோஸ்டரும் பாப்-டார்ட்ஸும்

கேள்வி: 1988 இல், ஏழு வயதில், அப்பா அம்மாவுடன் டெக்சஸ் வந்தேன். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்ட பிரவுன் சுகர் சினமன் (பழுப்புச் சர்க்கரையும் பட்டையும்) பாப்-டார்ட்ஸ், அதாவது உள்ளே இனிப்புப் பூரணம் வைத்த தட்டையான பேஸ்ட்ரிதான் எனக்குச் சின்ன வயது என்றாலே நினைவுக்கு வரும். போன மாதம் ஆசையாக ஒரு பெட்டி வாங்கி, கடை வாசலில் காரிலேயே பிரித்து, நானும் என் மகனும் ஆளுக்கொன்று சாப்பிட்டோம். அட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. செய்முறையை மாற்றிவிட்டார்களா, இல்லை என் நாக்குதான் மாறிவிட்டதா?
(ஒரு வாசகி, ப்ளானோ, டெக்சஸ்)

பதில்: 'காரிலேயே பிரித்து' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். சூடு காட்டாத பாப்-டார்ட்டைச் சாப்பிட்டுவிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள், அம்மா. அது டோஸ்டருக்கென்றே பிறந்த பண்டம்.

நான் உங்களுக்குச் சில வருடம் மூத்தவள். 1981 முதல் 1985 வரை மிச்சிகனில் ஈஸ்ட் லான்சிங்கில் இருந்தோம். அப்பா அங்கே ஆராய்ச்சி மாணவர். அவருடைய உதவித்தொகையில் நான்கு பேர் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் கூப்பன்களை அம்மா கத்தரித்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். கூப்பன் வந்த வாரம் மட்டும்தான் வீட்டில் பாப்-டார்ட்ஸ் இருக்கும்.

டோஸ்டர் எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. வெளிறிய பச்சை நிறம். ஒரு பக்கத்துக் கம்பி சிவக்கவே சிவக்காது. அதனால் பாதியில் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அந்த வேலை என்னுடையது. எட்டு வயதில் அடுப்பை நெருங்க அனுமதி இல்லை, ஆனால் டோஸ்டர் முழுக்க முழுக்க என் பொறுப்பு. வெள்ளிக் கவரைப் பிரித்தால் உள்ளே இரண்டு இருக்கும். எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. சூடேறும்போது முதலில் மாவு வாசனை வரும். அப்புறம் ஓரத்தில் எங்கேயாவது சர்க்கரை லேசாகக் கசிந்து கருகுகிற மணம். அது மூக்கில் பட்டதும் எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் விட்டாலும் கசந்துபோகும். விளிம்பில் பூரணம் இருக்காது, வெறும் பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பு. நான்கு பக்கமும் சுற்றி அதை முதலில் கடித்து முடிப்போம். நடுப்பகுதிக்கு வருவதற்குள் உள்ளே நாக்கைச் சுடாத பதத்துக்கு ஆறியிருக்கும். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் கிராண்ட் ராபிட்ஸ் வந்துவிடும். பாப்-டார்ட்ஸ் உருவானது அங்கேதான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அது ஒரு போட்டியில் பிறந்த கதை. பேட்டில் கிரீக் ஊரில் போஸ்ட், கெல்லாக்ஸ் என்று இரண்டு காலை உணவு நிறுவனங்கள். ஈரப்பதமுள்ள நாய் உணவை ஃப்ரிட்ஜ் இல்லாமலே கெடாமல் வைக்கும் வழியை போஸ்ட் கண்டுபிடித்திருந்தது. அதே வழியில் பழக்கூழ் வைத்த பேஸ்ட்ரி ஒன்றைச் செய்து, 'கண்ட்ரி ஸ்கொயர்ஸ்' என்று பெயரிட்டு, கடைக்கு வருவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. கெல்லாக்ஸ் சும்மா இருக்குமா? கிராண்ட் ராபிட்ஸில் ஒரு பிஸ்கட் ஆலையின் மேலாளரிடம் வேலையை ஒப்படைத்தது. அவர் பெயர் வில்லியம் போஸ்ட். போட்டி நிறுவனத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பெயர்தான் அப்படி. சில மாதங்களில் செய்து முடித்தார்கள். 1964 இல் ஸ்ட்ராபெரி, புளூபெரி, பிரவுன் சுகர் சினமன், ஆப்பிள் கரன்ட் (கரன்ட் ஒரு சிறு பழ வகை) என்று நான்கு ருசிகளில் வந்தது. 'பாப் ஆர்ட்' ஓவியங்கள் பரபரப்பாகப் பேசப்பட்ட காலம், அதை வைத்துத்தான் பெயரும். மேலே சர்க்கரைப் பூச்சு வந்தது 1967 இல். டோஸ்டருக்குள் போனாலும் உருகி வழியாத பூச்சு. வில்லியம் போஸ்ட் 2024 பிப்ரவரியில், 96 வயதில் காலமானார். அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாற்றம் உண்மைதான். உங்கள் நாக்கைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்து அமெரிக்க பேக்கரிப் பண்டங்களில் ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் சர்வசாதாரணம். நம்மூர் வனஸ்பதியின் சொந்தக்காரன். பாப்-டார்ட்ஸிலும் அது பல காலம் இருந்தது. இதயத்துக்குக் கேடு என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2015 இல் முடிவெடுத்து, 2018 இலிருந்து பண்டங்களில் சேர்ப்பதை நிறுத்த வைத்தது. இப்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், சோயா எண்ணெய், பாமாயில் என்று போட்டிருக்கும். கொழுப்பு மாறினால் மாவு உதிர்கிற விதமும் மாறும். நம் வீட்டிலேயே டால்டாவில் செய்த பிஸ்கட்டும் எண்ணெயில் செய்ததும் ஒன்றாகவா இருக்கும்? இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அதற்காகப் பழைய மொறுமொறுப்பை நினைத்து ஏங்கக் கூடாது என்று ஒன்றும் இல்லையே.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் வீட்டுக்கு சிகாகோ போயிருந்தபோது, மேல்பூச்சு இல்லாத பிரவுன் சுகர் ஒரு பெட்டி வாங்கினேன். டோஸ்டரில் சூட்டை ஆகக் குறைவாக வைத்து, ஒரே ஒரு தடவை. நடுப்பகுதி எனக்கு இப்போது திகட்டுகிறது. ஆனால் விளிம்பு நன்றாகவே இருந்தது. நான் கடித்ததைப் பார்த்துவிட்டு மகள் உடனே தம்பிக்கு போன் போட்டுக் கொடுத்தாள். "ஓரத்தைச் சாப்பிட்டியாக்கா?" என்றுதான் அவனும் கேட்டான். உங்கள் வீட்டில் டோஸ்டர் இல்லையென்றால் சின்னதாக ஒன்று வாங்குங்கள். அதை மகன் பொறுப்பில் விடுங்கள். மணம் வருகிறதா என்று அவன் காத்து நிற்கட்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். நியூ ஜெர்சியில் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாப்-டார்ட்ஸ் கொடுத்தேன். அதில் ஜெலட்டின் இருக்கிறது என்று இப்போதுதான் ஒருவர் சொன்னார். மனசே ஆறவில்லை.
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: மேல்பூச்சு உள்ள வகைகளில் மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு. பூச்சு இல்லாத ஸ்ட்ராபெரி, புளூபெரி, பிரவுன் சுகர் வகைகளில் ஜெலட்டின் கிடையாது. நீங்கள் வாங்கியது எது என்று நினைவுபடுத்திப் பாருங்கள், பாதி பாரம் இறங்கினாலும் இறங்கும்.

என் அம்மா பூச்சு வைத்ததை ஒரு நாளும் வாங்கியதில்லை. அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். கடையில் நின்று பெட்டியின் பின்பக்கத்தில் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார். புரியாத சொல் வந்தால் பெட்டி திரும்ப அலமாரிக்கே போய்விடும். ரோஜா நிறப் பூச்சில் வண்ண மணிகள் தூவியதைத் தோழிகள் சாப்பிடும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். இன்று அந்த விரலை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. நீங்கள் தெரிந்து எதையும் செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் பசி ஆற்றினீர்கள், அவ்வளவுதான். மனதைப் போட்டு வாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தினமும் காலையில் கொடுக்கலாமா?
(ஒரு தந்தை, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

பதில்: வேண்டாம். பூச்சு வைத்த ஸ்ட்ராபெரி ஒரு கவரில் இரண்டு. அதில் சுமார் 370 கலோரி, தனியாகச் சேர்த்த சர்க்கரை மட்டும் 30 கிராம் அளவில் இருக்கிறது. ஸ்ட்ராபெரி என்று பெயர் இருந்தாலும் உள்ளே பேரிக்காயும் ஆப்பிளும் கலந்திருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு கவரை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பண்டத்துக்கு இத்தனை ஏக்கமா? நம்மூர் மிட்டாய்கள் மறைந்துகொண்டிருப்பது கண்ணில் படவில்லையா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: படாமல் இருக்குமா ஐயா? 1985 இல் திருச்சி திரும்பியதும் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில்தான் எனக்கு இந்த ஊர் பழகியது. கண்ணாடி ஜாடியில் தேன் மிட்டாய், தேங்காயும் வெல்லமும் சேர்ந்த கமர்கட். தேன் மிட்டாயில் தேன் கிடையாது, அரிசியும் உளுந்தும் அரைத்துப் பொரித்துப் பாகில் போட்டது என்று கடைக்காரப் பாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எல்லாமே மறைந்துவிடவும் இல்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020 இலும், எங்கள் பக்கத்து மணப்பாறை முறுக்குக்கு 2023 இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சு மிட்டாய் மட்டும் வருத்தம். துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயத்தைக் கலந்து விற்றதால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை போட்டது. தடை சரியானதுதான். நிறமே இல்லாத வெள்ளைப் பஞ்சு மிட்டாயை யாராவது நேர்மையாகச் சுற்றி விற்றால் முதல் ஆளாக வாங்குவேன்.

கேள்வி: நான் அமெரிக்கா போனதில்லை. வீட்டிலேயே செய்து பார்க்க வழி சொல்லுங்களேன்.
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: தாராளமாக. மைதா 250 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் 125 கிராம். வெண்ணெயைத் துண்டு துண்டாக்கி, விரல் நுனியால் மாவில் உதிர்த்து விடுங்கள். உள்ளங்கை படக் கூடாது, வெண்ணெய் உருகிவிடும். ஐஸ் தண்ணீர் நான்கைந்து ஸ்பூன் தெளித்து, சேர்ந்து வருகிற பதத்தில் நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சப்பாத்தியை விடச் சற்றுக் கனமாகத் தேய்த்து, சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டுங்கள்.

பூரணத்துக்கு நாட்டுச் சர்க்கரை நான்கு ஸ்பூன், பட்டைத்தூள் அரை ஸ்பூன், மைதா ஒரு ஸ்பூன். மைதா சேர்க்காவிட்டால் சர்க்கரை உருகி வெளியே ஓடிவிடும். நடுவில் ஒரு ஸ்பூன் வைத்து, விளிம்பில் விரலகலம் விட்டுவிடுங்கள். ஓரத்தில் தண்ணீர் தடவி, மேலே இன்னொரு துண்டை மூடி, முள்கரண்டியால் சுற்றி அழுத்துங்கள். ஆவி போக மேலே ஏழெட்டு இடத்தில் குத்திவிட்டு, பால் தடவி, 180 டிகிரி அவனில் 20 முதல் 25 நிமிடம்.

ஒன்று மட்டும் கவனம். வீட்டில் செய்ததை நிற்கவைக்கும் டோஸ்டரில் போடாதீர்கள். உடைந்து, வெண்ணெய் கம்பியில் சொட்டும், தீப்பிடிக்கவும் கூடும். மறுநாள் சூடு காட்ட வேண்டுமானால் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள்.