யூத இசையமைப்பாளர்கள்: நீங்கள் கேட்டவை

கேள்வி: மெண்டல்சோன் ஏழு வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். அப்புறம் எப்படி சார் அவரை யூதர் என்கிறீர்கள்?

நான் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் விடவில்லையே. தாத்தா மோசஸ் மெண்டல்சோன் பேர்பெற்ற யூதத் தத்துவ அறிஞர். பேரன் ஃபெலிக்ஸ் 1816-ல் புராட்டஸ்டன்ட் ஆனார். கிட்டத்தட்ட மறந்தே போயிருந்த, ஏசு பட்ட பாடுகளைச் சொல்லும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' இசையை 1829-ல் பெர்லினில் மறுபடி மேடையேற்றியவர் இவர்தான். அப்போது வயது 20. இறந்து மூன்றே ஆண்டில், 1850-ல், இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளரான வாக்னர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதி, யூதர் என்பதற்காகவே இவரை மட்டம் தட்டினார். லைப்சிக்கில் இருந்த சிலையை 1936-ல் நாஜிகள் பெயர்த்தெடுத்தார்கள். அதேபோல இன்னொன்று செய்து வைக்க 2008 ஆகிவிட்டது.

கேள்வி: மாலர் பதவிக்காகத்தான் மதம் மாறினாரா?

பெரும்பாலும் ஆமாம். வியன்னா அரசவை ஓபரா (இசைநாடக) அரங்கின் தலைமை நாற்காலி யூதர் ஒருவருக்குக் கிடைத்திருக்காது. 1897 பிப்ரவரியில் கத்தோலிக்கர் ஆனார், அக்டோபரில் இயக்குநர். இன்னொரு இசையமைப்பாளரான ஷோன்பெர்க்கின் கதை நேர்எதிர். 1898-ல் புராட்டஸ்டன்ட் ஆனவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் பாரிஸில் முறைப்படி யூத மதத்துக்கே திரும்பினார். எனக்கு அவர் இசை இன்றுவரை பிடிபடவில்லை, ஆனால் அந்த ரோஷம் பிடிக்கும்.

கேள்வி: தெரேசின் முகாமில் நிஜமாகவே ஓபரா நடந்ததா? நம்ப முடியவில்லை.

நடந்தது. பிராகுக்கு வடக்கே, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த அந்த முகாமில் ஹான்ஸ் கிராசாவின் சிறுவர் ஓபரா 'புருண்டிபார்' 1943 செப்டம்பரில் தொடங்கி 55 முறை மேடையேறியது. நடித்த பிள்ளைகளை இடையிடையே ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றிவிடுவார்கள். விட்டுப்போன வேஷத்துக்கு வேறு பிள்ளையைப் பிடித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது இதையே காட்டி, எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள் என்று நாஜிகள் கணக்குக் காட்டினார்கள்.

அங்கேயே விக்டர் உல்மன் எழுதிய இன்னொரு ஓபரா 'அட்லாண்டிஸ் பேரரசர்'. எல்லாரும் எல்லாரோடும் போரிட வேண்டும் என்று பேரரசர் ஆணையிடுகிறார். சாவுக்கே கோபம் வந்து வேலைநிறுத்தம் செய்கிறது, யார் உயிரையும் எடுக்கமாட்டேன் என்கிறது. ஒத்திகை பார்த்தார்கள், மேடையேறவில்லை. 1944 அக்டோபரில் உல்மன், கிராசா, அதே முகாமில் இருந்த இசையமைப்பாளர் பாவெல் ஹாஸ் மூவரும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். உல்மன் தன் கையெழுத்துப் பிரதிகளை முகாமிலேயே விட்டுச் சென்றதால் அவை தப்பின. முதல் அரங்கேற்றம் 1975-ல், ஆம்ஸ்டர்டாமில்.

கேள்வி: தப்பி வந்தவர்களில் யாராவது இந்தியாவுக்கு வந்தார்களா?

வந்தார்களே! காலையில் ரேடியோவைத் திருப்பியதும் தம்புராவோடு ஒரு வயலின் மெட்டு வருமே, ஆகாசவாணியின் அடையாள இசை, அதை அமைத்தவர் என்று சொல்லப்படும் வால்டர் காஃப்மன் செக் நாட்டு யூதர். 1934-ல் பம்பாய் வந்து, அங்கே வானொலியில் வேலை பார்த்தார். அப்புறம் கனடா, அமெரிக்கா என்று போய்விட்டார். ஆனாலும் நம் ராகங்களை விடவில்லை. தென்னிந்திய ராகங்களுக்கென்றே 1976-ல் தடிமனான புத்தகம் ஒன்று கொண்டுவந்தார்.