சின்னக் குழந்தையும் வயதான அம்மாவும் கூட வந்தால் கரீபியனில் எந்தத் தீவு நல்லது? எப்படித் திட்டமிடுவது?

கேள்வியில் நீங்கள் தந்த விவரங்கள்: டொராண்டோவிலிருந்து கிளம்புகிறீர்கள். 3 வயது மகன், 8 வயது மகள், முழங்கால் வலி உள்ள அம்மா. ஒரு வாரம். கடற்கரைதான் முக்கியம், சுற்றிப் பார்ப்பதெல்லாம் அப்புறம். அம்மா சைவம்.

இதற்கு என் பதில் பார்படோஸ். நாங்களும் கிட்டத்தட்ட உங்களைப் போன்ற குடும்பம்தான். மாமியாரையும் பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போயிருக்கிறோம், அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் தீவின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். அந்தத் தீவின் எந்தக் கரையில் தங்குகிறீர்கள் என்பதில்தான் பாதி விடுமுறை இருக்கிறது.

காரணம் காற்று. பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அது அந்தப் பக்கத் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கு, வடகிழக்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். பார்படோஸ், தீவு வரிசையை விட்டு விலகி இன்னும் கிழக்கே தனியாக நிற்கிறது. அதன் கிழக்குக் கரைக்கு வரும் அட்லாண்டிக் அலையை ஆப்பிரிக்கா வரைக்கும் தடுக்க ஒன்றும் கிடையாது. பாத்ஷீபா என்ற ஊரில் நின்று பார்த்தால் தெரியும். பாறைகளில் அலை வந்து மோதுகிற வேகம் பார்க்க அத்தனை அழகு, இறங்கினால் அத்தனை ஆபத்து. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் உள்ளே இழுத்துவிடும். அதே தீவில், காரில் ஒரு மணி நேரத்துக்குள் மேற்குக் கரைக்கு வந்தால், காற்றை நிலம் மறைத்துவிடுவதால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். மூன்று வயதுப் பிள்ளை இடுப்பளவு நீரில் நின்று விளையாடலாம். தீவே ஏறக்குறைய 34 கிலோமீட்டர் நீளம், 23 கிலோமீட்டர் அகலம்தான். அதற்குள் இப்படி இரண்டு கடல்.

அதனால் ஓட்டல் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் வரைபடத்தைத் திறந்து அது எந்தக் கரையில் இருக்கிறது என்று பாருங்கள். வேறு தீவு எடுத்தாலும் இதே கணக்குதான். அரூபா, கூராசோ, பொனேர் மூன்றும் புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் அந்தப் பயம் குறைவு. ஆனால் அரூபாவில் காற்று ஓயாது, மணல் பறந்து சின்னப் பிள்ளையின் கண்ணில் விழும். செயின்ட் லூசியா மிக அழகான தீவு. ஆனால் பெரிய விமான நிலையம் தெற்கு முனையில், நல்ல கடற்கரையும் தங்குமிடங்களும் வடக்கே. நடுவில் ஒன்றரை மணி நேர வளைவுச் சாலை. காரில் வாந்தி எடுக்கிற பிள்ளையோடு முதல் நாளே அது வேண்டாம். கிராண்ட் கேமனின் செவன் மைல் கடற்கரை உங்களுக்குப் பொருந்தும்தான், விலை தாங்குமானால்.

பார்படோஸில் தங்க இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று மேற்கே ஹோல்டவுன். கடல் சாது, பக்கத்திலேயே சூப்பர்மார்க்கெட், தனியார் கிளினிக், ஃபோக்ஸ்டோன் கடல் பூங்கா எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கரைதான் தீவிலேயே விலை கூடியது. இன்னொன்று தென்மேற்கில் வொர்த்திங். நான் உங்களுக்குச் சொல்வது இதைத்தான். அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. அலை அங்கேயே உடைந்துவிடுவதால் உள்ளே ஆழமில்லாத நீர்ப்பரப்பு தேங்கி நிற்கும். உங்கள் மகனுக்கு அது போதும். சமையலறை உள்ள அபார்ட்மென்ட்கள் கிடைக்கும், பேருந்து நிமிடத்துக்கு நிமிடம் ஓடும். கொஞ்சம் மேற்கே நடந்தால் ராக்லி கடற்கரை, அதையொட்டி ஹேஸ்டிங்ஸ் பக்கம் கடலோரமாக நீளமான மரப்பலகை நடைபாதை. படி இல்லை, மேடு பள்ளம் இல்லை, இடையிடையே உட்கார இடம் இருக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு மணலில் நடப்பதுதான் சிரமம். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமதளத்தில் நடக்கக் கிடைத்தால் அம்மாவுக்கும் இது விடுமுறையாக இருக்கும். இல்லாவிட்டால் அவர் வாரம் முழுக்க அறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் ஈரத்துணியைக் காயப்போட்டுக்கொண்டிருப்பார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பாட்டியை அழைத்துப் போகிற பலர் அவருக்கென்று ஒரு மணி நேரத்தைக்கூடத் திட்டத்தில் வைப்பதில்லை.

அபார்ட்மென்ட் முன்பதிவு செய்யும் முன் தரைத்தளமா, லிஃப்ட் உண்டா, கடற்கரைக்குப் போக நடுவில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். தென்கரையில் பல இடங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். படத்தில் அது தெரியாது.

எப்போது போவது என்பதற்கு வருவோம். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மழை குறைவு, விலை உச்சம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், அதிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கடுமை. பார்படோஸ் கிழக்கே ஒதுங்கி இருப்பதால் பல புயல்கள் அதற்கு வடக்கே போய்விடும், ஆனாலும் நம்பி உட்கார முடியாது. 2021 ஜூலையில் எல்சா தாக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் தெற்கே கடந்து போனபோதே தலைநகர் பிரிட்ஜ்டவுனில் மீன்பிடிப் படகுகள் நிறைய நொறுங்கிப்போயின.

அப்புறம் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் வெப்ப மண்டல அட்லாண்டிக்கிலிருந்து பெருந்திரளாக மிதந்து வருகிறது. வசந்தத்தில் தொடங்கிக் கோடையில் அதிகமாகும். கரையில் குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குத் தொந்தரவு. இங்கும் கரைக் கணக்கு உதவும்: கிழக்கிலும் தெற்கிலும்தான் அதிகம் ஒதுங்கும், மேற்குக் கரை பெரும்பாலும் தப்பித்துவிடும். தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்து மாதாமாதம் இதன் நிலவரத்தை வெளியிடுகிறது. போவதற்கு முந்தைய மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்டாரியோ பள்ளிகளின் மார்ச் மாத விடுமுறையான மார்ச் பிரேக்கைத்தான் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பாசியும் புயலும் பார்த்தால் நல்ல நேரம். ஆனால் அந்த மாதங்களில் வட அட்லாண்டிக் புயல்களால் கிளம்பும் நீண்ட அலைகள் வடக்கிலிருந்து வந்து, சாதுவான மேற்குக் கரையையும் இரண்டு மூன்று நாள் கலக்கிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட நாளில் பிரிட்ஜ்டவுன் பக்கத்துக் கார்லைல் விரிகுடாவுக்குப் போய்விடுங்கள். உள்வாங்கிய வளைவு என்பதால் அங்கே அடக்கமாக இருக்கும். விடிகாலையில் போக முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே பெபிள்ஸ் கடற்கரையில் கேரிசன் மைதானத்துப் பந்தயக் குதிரைகளைக் கடலில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். எங்கள் பிள்ளைகள் இன்றும் ஆமையைவிட அந்தக் குதிரைகளைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

வெயில் விஷயத்தில் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். பார்படோஸ் சென்னையின் அதே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. நமக்குப் பழகிய வெயில்தானே என்று தோன்றும், ஆனால் கனடாவின் குளிர்காலத்திலிருந்து நேராக வந்து இறங்குகிற பிள்ளையின் தோலுக்கு அது பழக்கமில்லை. காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சுடுவதும் தெரியாது. காலை ஆறரையிலிருந்து பத்து வரை கடல், பிறகு சாப்பாடு, தூக்கம். மூன்றரைக்கு மேல் மறுபடி கடல். ஆண்டு முழுக்க மாலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் இருட்டிவிடும். முழுக்கைக் கடற்சட்டை வாங்கிவிட்டால் சன்ஸ்கிரீன் போராட்டம் பாதி குறையும். சாயங்காலம் கொசுவுக்கும் மணல் ஈக்கும் மருந்து பூசுங்கள், டெங்கு அங்கேயும் உண்டு.

நிழல் தேடும்போது ஒரு மரத்தை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மான்சினீல் என்று பெயர். கடற்கரையிலேயே வளரும், குட்டி ஆப்பிள் மாதிரி பச்சைக் காய் காய்க்கும், இனிப்பு வாசனை வரும். காயும் விஷம், பாலும் விஷம். மழை பெய்யும்போது கீழே நின்றால் இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டே தோல் கொப்பளித்துவிடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், ஆனால் எல்லா மரத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 8 வயது மகளுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். தம்பியை அவளே பார்த்துக்கொள்வாள்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், சுண்ணாம்புப் பாறை வடிகட்டித் தருகிற நல்ல தண்ணீர். ரொட்டி என்று கேட்டால் கறி வைத்துச் சுற்றித் தருவார்கள். டிரினிடாட், கயானா இந்தியர்கள் வழியாக வந்த சாப்பாடு அது. உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்த சைவ ரொட்டி கிடைக்கும். வறுத்த வாழைப்பழம், சீமைப்பலா இவையும் அம்மாவுக்கு ஒத்துவரும். அரிசி, பருப்பு, காய்கறி சூப்பர்மார்க்கெட்டில் இருக்கிறது, இறக்குமதி என்பதால் விலை மட்டும் கூட. ரசப்பொடியும் சாம்பார்பொடியும் எடுத்துப் போனால் போதும். மீன் சாப்பிடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஓய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போகலாம். ஆறு மணிக்கே போய்ச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள், அதற்குப் பிறகு கூட்டமும் சத்தமும் பிள்ளைகளுக்குத் தாங்காது.

பணம் எளிது: 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலர், மாறாத விகிதம். இரண்டையும் வாங்குவார்கள். விலைப்பட்டியல் எந்த டாலரில் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸியில் மீட்டர் கிடையாது, ஏறுமுன் பேசிவிட வேண்டும். கார் எடுத்தால் இடது பக்கம் ஓட்ட வேண்டும், சாலைகள் குறுகல். நான் இரண்டு நாளுக்கு மட்டும் எடுக்கச் சொல்வேன். ஒரு நாள் ஹாரிசன் குகை (டிராம் வண்டியிலேயே உள்ளே போகலாம், அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை), இன்னொரு நாள் பாத்ஷீபா. குழந்தை இருக்கையை முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்குங்கள். மற்ற நாட்களுக்குப் பேருந்து போதும். நிறுத்தப் பலகையில் நகருக்கு உள்ளே, நகரிலிருந்து வெளியே என்று எழுதியிருக்கும், வழி தவற வாய்ப்பில்லை. ராணுவச் சீருடை மாதிரித் திட்டுத் திட்டாக டிசைன் போட்ட (கேமஃப்ளாஜ்) உடை அங்கே சட்டப்படி தடை, குழந்தைக்கும்தான். மகனின் டிராயரைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

ஆமைகளோடு நீந்தப் படகுக்காரர்கள் அழைப்பார்கள். போங்கள், மகளுக்கு மறக்காது. ஆனால் தீனி போட்டு ஆமையை இழுக்கிற படகு வேண்டாம், தொடவும் விடாதீர்கள். இந்தத் தீவின் கரைகளில் அழுங்காமைகள் முட்டையிடுகின்றன. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் ஆமைத் திட்டத்தினர் பல ஆண்டுகளாக இரவு முழுக்க நடந்து அவற்றைக் காக்கிறார்கள். நாம் அந்த உழைப்பைக் கெடுக்கக் கூடாது.

கடைசியாக, டிக்கெட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. டொராண்டோவிலிருந்து நேரடி விமானம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மயாமி வழியாக மலிவாகக் காட்டும். அம்மா இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால், விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். நேரடி விமானமே எடுங்கள். அம்மா சூப்பர் விசாவில் (பெற்றோருக்குக் கனடா தரும் நீண்டகால விசா) வந்திருந்தால் கனடாவுக்குத் திரும்பி நுழைய அது செல்லுபடியாகும் காலத்தைப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

அப்புறம் காப்பீடு. ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் வெளிநாட்டு மருத்துவச் செலவில் மிகக் கொஞ்சமே தரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலால் வரும் ரத்துக்குப் பணம் தராது, அதனால் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் பாலிசியில் நிலையாக இருந்திருக்க வேண்டிய காலம் என்று ஒரு நிபந்தனை இருக்கும், பலவற்றில் 90 நாள் அல்லது 180 நாள். அந்தக் காலத்துக்குள் மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியிருந்தால், குறைத்திருந்தால்கூட, அந்த நோய்க்கான செலவைத் தராமல் போகலாம். அம்மாவின் மருந்துச் சீட்டில் கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்து எழுதிக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்தத் தேதியைச் சொல்லிக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.