எட்டாவது சர்வர்

வணக்கம் ஐயா,

ஒன்பது வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் பிரிவில் இருக்கிறேன். எந்த நிரலின் எந்தப் பதிப்பு எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. இப்போது எங்கே திரும்பினாலும் அதுவே தெரிகிறது. மாமியாரின் மாத்திரை டப்பா, அபார்ட்மென்ட் ஃபியூஸ் பெட்டி, உ.வே.சா. ஒப்பிட்டுப் பார்த்த ஏடுகள், எல்லாமே எனக்கு வெர்ஷன் கன்ட்ரோல்தான், அதாவது பதிப்புகளைக் கணக்கு வைப்பதுதான். கணவர் சிரிக்கிறார். அலுவலகத்திலோ, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளைக் காட்டி, "எல்லாம் கிட்லயே இருக்கே, நீங்க எதுக்கு?" என்கிறார்கள். வெறும் குமாஸ்தா வேலையோ என்று எனக்கே தோன்றுகிறது. நிரலை எழுதுவதையும் ஓட்டுவதையும் சேர்த்துப் பார்க்கும் டெவ்ஆப்ஸ் பக்கம் மாறிவிடலாமா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

கணவர் சிரித்தால் சிரிக்கட்டும். தொழிலில் ஊறியவர்களுக்கு அது எல்லா இடத்திலும் தெரியத்தான் செய்யும். என்னை உறுத்துவது வேறு. மாத்திரை டப்பாவை வெர்ஷன் கன்ட்ரோல் என்கிறீர்களே! ஒன்பது வருடம் இதில் இருக்கும் நீங்களே இப்படிச் சொன்னால், "கிட்லயே இருக்கே" என்பவர்களை எந்த வாயால் குறை சொல்வீர்கள்?

1972இல் வந்த எஸ்சிசிஎஸ் என்ற கருவி முதல் 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் வரை எல்லாமே பேரேடுகள். யார், எப்போது, எதை மாற்றினார் என்று அவை சொல்லும். மாற்றியது போய்ச் சேர்ந்ததா என்று அவற்றுக்குத் தெரியாது. உங்கள் தொழிலில் நான்கு வேலைகள் உண்டு: ஒவ்வொன்றுக்கும் அடையாளம் தருவது, மாற்றத்தைக் கட்டுப்படுத்துவது, நிலவரத்தைக் கணக்கில் வைப்பது, தணிக்கை. முதல் மூன்றையும் பெரும்பாலும் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. கணக்கில் இருப்பதும் களத்தில் ஓடுவதும் ஒன்றுதானா என்று திறந்து பார்க்கும் நான்காவது வேலைக்குத்தான் ஆள் இல்லை. ஏட்டுச் சுரைக்காயை யாரும் கறி வைத்துப் பார்ப்பதில்லை.

உ.வே.சா.வை இதில் இழுக்காதீர்கள். மூலம் எதுவென்றே தெரியாத நிலையில், ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, பாடபேதம் குறித்து, நூலை மீட்டவர் அவர். அது உங்கள் வேலை அல்ல. உங்கள் வேலையை யாரும் செய்யாமல் விட்டால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும் வேலை.

குமாஸ்தா என்றீர்களே, அதற்கு வருகிறேன். 2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தையில் சிறு முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டம் ஒன்று அன்று தொடங்குகிறது. அதற்காக நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் ஆர்டர் அனுப்பும் தன் மென்பொருளில் புதிய நிரலைச் சேர்த்தது. மொத்தம் எட்டு சர்வர். ஏற்றியவர் ஏழில் ஏற்றினார், எட்டாவது விட்டுப்போயிற்று. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை அங்கே இல்லை.

எட்டாவதில் இருந்த பழைய நிரலுக்குள் பவர் பெக் என்றொரு பகுதி. 2003இலேயே பயன்பாட்டை நிறுத்தியிருந்தார்கள், ஆனால் அழிக்கவில்லை. வாடிக்கையாளர் ஆர்டருக்கு எத்தனை பங்கு கைக்கு வந்தது என்று எண்ணி "போதும்" என்று நிறுத்தும் கணக்கை 2005இல் நிரலில் வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். அதன்பின் பவர் பெக் ஒழுங்காக நிற்கிறதா என்று சோதிக்கவில்லை. போதாக்குறைக்கு, பவர் பெக்கை முடுக்கிய அதே ஃபிளாக்கையே (எந்தப் பகுதி இயங்க வேண்டும் என்று சொல்லும் குறியையே) புதிய நிரலுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

காலை 9:30க்குச் சந்தை திறந்தது. ஏழு சர்வருக்கு அந்த ஃபிளாக் ஒன்றைச் சொன்னது, எட்டாவதுக்கு வேறொன்றைச் சொன்னது. எட்டாவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்களின் 212 ஆர்டர்கள், 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளாகப் பெருகின. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்கும் முன்பே பவர் பெக் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. எச்சரிக்கை என்று வகுக்கப்படாத அஞ்சல்கள், ஆகவே யாரும் கண்டுகொள்ளவில்லை.

என்னால் கடந்துபோக முடியாதது இதற்கு அடுத்த காட்சி. கோளாறு புதிய நிரலில்தான் என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வரிலிருந்தும் அதை நீக்கினார்கள். ஃபிளாக் வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது எட்டிலும் பவர் பெக்! எட்டையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் எது வேறு என்று அப்போதே தெரிந்திருக்கும். அன்று அங்கே ஒரு குமாஸ்தா இல்லாமல் போனார், கார்த்திகா.

அந்த ஒப்பீட்டுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெளியீடு முடிந்ததும் ஒவ்வொரு இயந்திரத்திலும் உள்ள கோப்புக்கு எஸ்ஹெச்ஏ-256 எண் எடுங்கள், அது கோப்பின் கைரேகை மாதிரி. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு, எத்தனை வெவ்வேறு எண் என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் வெளியீடு முடியவில்லை. இயந்திரங்களின் எண்ணிக்கையையும் அதோடு எண்ணுங்கள், ஏனென்றால் பட்டியலுக்கே வராத இயந்திரம் எண்ணைக் காட்டிக்கொடுக்காது. நிரலை இமேஜ் என்ற பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் "லேட்டஸ்ட்" என்ற டேகை (பெயர்ச்சீட்டை) நம்பி ஏற்றுகிறவர்களை விடாதீர்கள். அந்தப் பெயர் இன்று ஒரு இமேஜைக் குறிக்கும், நாளை வேறொன்றை. திங்கள் எழுந்த நோடும் (இயந்திரமும்) வியாழன் எழுந்த நோடும் ஒரே பெயரில் இரண்டு நிரலை ஓட்டும். இமேஜின் கைரேகை எண்ணான டைஜெஸ்டைக் குறிப்பிட்டு ஏற்றச் சொல்லுங்கள். பழைய ஃபிளாக்கை ஒருபோதும் புது வேலைக்கு எடுக்கக் கூடாது. பின்வாங்கும் திட்டத்தில் நிரலோடு ஃபிளாக்கும் செட்டிங்கும் சேர்ந்து திரும்ப வேண்டும். அதையும் ஒருமுறை சோதனைச் சூழலில் செய்து பார்த்திருக்க வேண்டும்.

ஃபியூஸ் பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு எம்சிபி சுவிட்சாக அணைத்து, எந்த அறை இருளுகிறது என்று பார்த்து லேபிளைத் திருத்துங்கள், ஒரு மணி நேர வேலை.

டெவ்ஆப்ஸுக்கு மாறுவது உங்கள் விருப்பம். சம்பளம் கூடுமென்றால் போங்கள். பெயர் மாறினாலும் எட்டாவது சர்வரை யாராவது பார்த்தாக வேண்டும்.

மாத்திரை டப்பாதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதை ஒரு வேடிக்கை போல எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். டாக்டர் ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 2.5 ஆகக் குறைத்தால், புதிய சீட்டு ஃபைலுக்குள் பத்திரமாகப் போய்விடும். பழைய 5 மில்லிகிராம் அட்டையில் பாதி மாத்திரைகள் மிச்சம் இருக்கும், அதுவும் டப்பாவிலேயே கிடக்கும். மருந்துக் கடையில் இந்த மாதம் வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்திருந்தால், பெயர் வேறாக இருப்பதால் இரண்டு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கக்கூடும். இன்று இரவே டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்துப் பாருங்கள். பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் கடைசிச் சீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எதிலாவது சந்தேகம் வந்தால் நீங்களாக முடிவெடுக்காமல் டாக்டரிடம் கேளுங்கள். சீட்டில் இல்லாத அட்டையை "எதுக்கும் இருக்கட்டும்" என்று அலமாரியில் வைக்காதீர்கள். வீட்டை விட்டே வெளியே போகட்டும்.