மலையில் சைக்கிள் ஓட வட்டை வரம்பு போதுமா?

(சைக்கிள் கேள்வி–பதில் பகுதி)

வவுணதீவு வாசகர் ஒருவர்: என் அண்ணன் பார்சலோனாவில் இருக்கிறார். புரட்டாசியில் வா, ஸ்பெயினின் வடக்கு மலைப்பகுதியில் உள்ள ஐன்சா என்ற ஊருக்கு மவுண்டன் பைக் ஓடப் போவோம் என்கிறார். நான் தினமும் உன்னிச்சைப் பக்கம் கிறவல் றோட்டில் ஓடுகிறவன். மலையில் ஓடியதே இல்லை. சமாளிப்பேனா?

சமாளிப்பீர்கள் தம்பி. ஆடி மாதத்தில் கச்சான் காற்றுக்கு எதிராக உன்னிச்சை வரை மிதிக்கிற காலுக்கு ஏற்றம் பெரிய விசயமில்லை. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், யாரும் சிரிக்கப் போவதில்லை. ஐன்சா ஊர் 600 மீற்றர் உயரம்கூட வராது. சிங்கா, ஆரா என்ற இரண்டு ஆறுகள் சேருமிடம் அது. வடக்கே தெரிகிற மொன்தே பெர்திதோ 3,355 மீற்றர். ஆனால் அதன் உச்சிக்குச் சைக்கிளோடு போகச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆளை விழுத்துவது இறக்கம்தான். அதுவும் பிறேக். நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன் சில்லுக்கு. அங்கே வாடகைக்குத் தருவதில் இடக்கைப் பிடிதான் முன் சில்லு. கல்லுப் பாதையில் இறங்கும்போது பழக்கதோசத்தில் இடக்கையை இறுக்கினால் சைக்கிள் நிற்கும், நீங்கள் போய்க்கொண்டிருப்பீர்கள். முதல் நாள் அந்தப் பழைய ஊரின் கல்பாவிய சதுக்கத்திலே வட்டமடித்துக் கையைப் பழக்கிக்கொண்டு பிறகு மலைக்குப் போங்கள். றோட்டில் வலப்பக்கம் ஓட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஊருக்கு வெளியே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

எளிதிலிருந்து கடினம் வரை பாதைகளுக்கு நிறம் வைத்திருப்பார்கள்: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. பச்சையில் தொடங்கி நீலத்தில் நில்லுங்கள். அண்ணன் சிவப்புக்குக் கூப்பிடுவார். அண்ணன்மார் அப்படித்தான்.

அப்புறம் மண். ஐன்சாவைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் மேடு மேடாகக் கிடக்கும். காய்ந்திருந்தால் ரயர் அதில் அருமையாகப் பிடிக்கும். மழை பெய்தால் உழுத வயல் வட்டைக்குள் சைக்கிளை இறக்கியது போலத்தான்: ரயரில் அப்பி, கவைக்குள் ஏறி, கடைசியில் சில்லே சுற்றாது. குச்சியால் சுரண்டினாலும் பத்தடிக்குள் திரும்ப அடைக்கும். மழை பெய்த மறுநாள் கற்பாதையாகப் பார்த்துப் போங்கள், அல்லது கோப்பி குடித்துக்கொண்டு இருங்கள்.

முள்ளுக்குப் பயமென்றால், ரியூப் இல்லாமல் உள்ளே பால் போன்ற பசை ஊற்றிய ரயர் கேட்டு வாங்குங்கள். சிறு ஓட்டை தானாகவே அடைபடும். ஆட்டுமந்தையோடு பெரிய காவல் நாய்கள் நின்றால் வேகமாகக் கடக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, மந்தையைச் சுற்றி மெதுவாக நடவுங்கள். புரட்டாசி நல்ல காலம்தான், வெயில் தணிந்திருக்கும். விசாவுக்கு மட்டும் இப்போதே ஓடுங்கள்; அது எந்த மலையை விடவும் ஏற்றம்.

அக்கரைப்பற்று வாசகர்: ஆயிரக்கணக்கான யூரோ சைக்கிளில் வெளியூரான் வந்து மலையில் உருளுகிறான். அந்த ஊர்ச் சனத்துக்கு இதில் என்ன கிடைக்கிறது?

நியாயமான கேள்வி. ஐன்சா இருக்கிற சொப்ரார்பே பகுதி ஏறத்தாழ 2,200 சதுர கிலோமீற்றர். நம் மட்டக்களப்பு மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியது. இங்கே ஐந்து இலட்சத்துக்கு மேல் சனம். அங்கே எட்டாயிரம்கூட இல்லை. போன நூற்றாண்டின் நடுவில் மலைக்கிராமங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. சிலதை அணைக்கட்டு விழுங்கியது. மெதியானோ என்ற ஊர் 1969இல் நீருக்குள் போனது, நீர் வற்றினால் தேவாலயக் கோபுரம் இன்றும் தலைகாட்டும். ஹானோவாஸ் கதை இன்னும் கொடுமை. அணை வரப்போகிறது என்று சனத்தை எழுப்பினார்கள், வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள், அணை மட்டும் வரவேயில்லை. இப்போது பழைய குடும்பங்கள் திரும்பிவந்து கல் கல்லாகக் கட்டுகின்றன. இடம்பெயர்ந்து போய் வந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சனம் போனபின் ஊருக்கு ஊர் கோவேறு கழுதை நடந்த பாதைகள் புதர் மூடிக் கிடந்தன. அந்தப் பாதைகளைத்தான் ஊர்க்காரர்களும் சைக்கிள்காரர்களும் வெட்டித் திறந்து, ‘சோனா செரோ’ என்று பெயர் வைத்துப் பலகை நட்டார்கள். 2015இலும் 2018இலும் மலைச் சைக்கிள் இறக்கப் போட்டியான உலக எண்டியூரோ தொடரின் ஒரு சுற்று அங்கே நடந்தது. காசு கோடை அல்லாத காலத்திலும் வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது: வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அறையும் சாப்பாட்டுக் கடையும் திறந்திருக்கின்றன. எல்லாருக்கும் பங்கு சமமா என்றால், இல்லை. ஆனாலும் கடை திறந்திருந்தால் வேலைக்கு ஒரு ஆள் வேண்டும்.

களுவாஞ்சிகுடி வாசகி: எனக்கு 58 வயது. மகளிடம் ஸ்பெயினுக்குப் போகிறேன். மலையெல்லாம் வேண்டாம், சும்மா ஓட ஏதாவது உண்டா?

உண்டு அக்கா. ரயில் ஓடாமல் விட்ட தடங்களை 1993 முதல் ‘பச்சை வழி’களாக மாற்றி வருகிறார்கள், நாடு முழுக்க 3,000 கிலோமீற்றருக்கு மேல். ரயில் செங்குத்தாக ஏறாதே, அதனால் உங்களுக்கும் ஏற்றம் தெரியாது. அந்தலூசியாவில் புவேர்த்தோ செரானோவிலிருந்து ஒல்வேரா வரை 36 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். வழியில் 30 சுரங்கங்கள், ஒரு பெரிய பாறையில் பிணந்தின்னிக் கழுகுக் கூட்டம். சுரங்கத்துக்குள் குளிரும், ஒரு மேற்சட்டையும் லைற்றும் எடுங்கள்.

கிரான் வாசகர்: குடும்பிமலைப் பக்கம் நாமும் இப்படிப் பாதை போடலாமா?

போடத் தேவையில்லை, பாதை இருக்கிறது: மாட்டுத் தடம், குளக்கட்டு, வட்டைக்குப் போகிற வண்டிப்பாதை. ஐன்சாக்காரர்களிடம் படிக்க வேண்டியது மண்வெட்டி வேலையும் பேச்சுவார்த்தையும்தான். குளக்கட்டுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், காட்டுக்கு வனத் திணைக்களம், வரம்புக்கு வயற்காரர். எல்லாரிடமும் முதலில் கேளுங்கள். வேளாண்மை வெட்டு முடிந்த பிறகு கேட்டால் வயற்காரர் நல்ல மனதோடு இருப்பார். ஐன்சாக்காரர்களுக்குக் காட்டுப்பன்றி வேட்டை நடக்கிற வார இறுதிகளில் சில பாதைகள் ஆகாது, நமக்கு யானை. நாலு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் ஆட்களைக் கூட்டிப் போகாதீர்கள், யார் கேட்டாலும்.

மண்டூர் மாணவன், 9ஆம் தரம்: அப்பாவின் பழைய லுமாலா சைக்கிளில் மலைப்பாதை ஓடலாமா?

வேண்டாம் மனே. கம்பிப் பிறேக் நீண்ட இறக்கத்தில் பிடிக்காது. ஆனால் சீற்றிலிருந்து எழும்பி, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்தி, பள்ளத்தில் ஓடப் பழக அதுவே போதும். துறையடியிலிருந்து வீடு வரை தினமும் அப்படி ஓடு. அதற்கு முதல் பிறேக் கட்டையை மாற்றச் சொல்லி அப்பாவிடம் கேள்.