வெந்நீர்ப் பம்புக்காக 2.4 லட்சம் ரூபாய்க்கு ஜெனரேட்டர் வாங்கலாமா?

கேள்வி: உதகையில் எட்டு அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன், நான் வசிப்பது கோவையில். மாடியில் 1,000 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் உள்ளது. வெயிலில் சூடேறும் தகடுகளுக்குள், கிளைக்கால் (glycol) என்ற திரவம் சேர்த்த உறையாத கலவை ஓடி, வெப்பத்தைத் தொட்டித் தண்ணீருக்குக் கொண்டுவருகிறது. அதைச் சுற்றவிடும் பம்ப் 90 வாட். சென்ற ஆண்டு வெயில் அடித்த பகல்களில் எட்டு முறை நீண்ட மின்தடை ஏற்பட்டது. ஒருமுறை தகடுகள் அதிகமாகச் சூடேறி, பாதுகாப்பு வால்வு திறந்து கலவை வெளியேறியதால், அதை மீண்டும் நிரப்ப 14,000 ரூபாய் செலவாயிற்று. 5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரை 2,40,000 ரூபாய்க்கு, 12 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடனாகத் தருவதாக ஒரு விற்பனையாளர் கூறுகிறார். மெயின் மின்சாரம் போலவே சீரான அலையில் மின்சாரம் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரியும் சேர்த்து 24,000 ரூபாய் என்கிறார் மற்றொருவர். எதை வாங்குவது?

பதில்: பம்புக்காக மட்டும் என்றால் ஜெனரேட்டர் வேண்டாம். அந்தக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 7,970 ரூபாய் வரும். மூன்றாண்டில் வட்டி மட்டும் 47,000 ரூபாயை நெருங்கும். நீங்கள் வாங்க நினைக்கும் இன்வெர்ட்டரின் விலையைப்போல் அது கிட்டத்தட்ட இரு மடங்கு. தவிர, 5 கே.வி.ஏ. இயந்திரத்தை நூறு வாட் சுமைக்காக மணிக்கணக்கில் ஓட்டினால் டீசல் வீணாவதோடு, எஞ்சினில் கரி படிந்து பராமரிப்புச் செலவும் கூடும். அறை விளக்குகள், சமையலறை, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கும் ஜெனரேட்டர் தேவைப்படுகிறது என்றால் அது விடுதியின் பொதுச் செலவு. அதன் நியாயத்தை அறை வாடகை வருமானத்தோடு ஒப்பிட்டுத் தனியே பார்க்க வேண்டும்.

மின்தடையால் நீங்கள் உண்மையில் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பதை முதலில் கணக்கிடுவோம். 1,000 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 46 யூனிட் வெப்பம் தேவை. அதை மின்சாரத்தால் ஈடுகட்டினால், யூனிட் 10 ரூபாய் என்ற கணக்கில், ஒரு முழு வெயில் நாளை இழப்பதன் விலை 460 ரூபாய். எட்டு நாட்களுக்கு 3,680 ரூபாய். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் நாட்களை இதில் சேர்க்க வேண்டியதில்லை, ஏனெனில் வெயில் இல்லாதபோது பம்ப் ஓடினாலும் கொண்டுவருவதற்கு வெப்பம் இருக்காது. உறைபனி இரவுகளும் அப்படியே: உங்கள் தகடுகளில் கிளைக்கால் கலவை இருப்பதால், அதன் விகிதம் சரியாக இருக்கும்வரை, இரவில் பம்ப் ஓட வேண்டிய அவசியம் இல்லை. தகடுகளில் வெறும் தண்ணீர் ஓடும் அமைப்பாக இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஆக, வெப்ப இழப்பை மட்டும் பார்த்தால் இன்வெர்ட்டர்கூட லாபமில்லை. பேட்டரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற 15,000 ரூபாய் ஆகும் என்று கொண்டால், ஆண்டுக்கு 3,000 ரூபாய் அதற்கே ஒதுக்க வேண்டும். மிச்சப்படும் 3,680 ரூபாயில் கைக்கு நிற்பது 680 ரூபாய்தான். கணக்கைத் திருப்புவது அந்த 14,000 ரூபாய்ச் செலவு. அது மூன்றாண்டுக்கு ஒருமுறை நேர்ந்தாலும் ஆண்டுக்குச் சுமார் 4,670 ரூபாய் கூடுகிறது. அப்போது பேட்டரி ஒதுக்கீடு போக ஆண்டுக்கு 5,350 ரூபாய் மிஞ்சும், போட்ட பணம் நாலரை ஆண்டில் திரும்பும்.

இதைவிட மலிவான வழியும் ஒன்று உண்டு. விற்பவர்கள் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று காலையில் வெயில் ஏறுமுன் தகடுகள்மீது தார்ப்பாய் போர்த்திவிட்டால் கலவை கொதிக்காது; இழப்பு அந்த 460 ரூபாயோடு நின்றுவிடும். நீங்கள் விடுதியிலேயே வசிப்பவராக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன். கோவையிலிருந்துகொண்டு, மாடியேறுவதை ஊழியரின் நினைவுக்கு விட்டுவிட்டு, முன்னறிவிப்பில்லாத மின்தடைகளையும் சமாளிப்பது கடினம் என்பதால், இன்வெர்ட்டரையே பரிந்துரைக்கிறேன். தார்ப்பாயை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

அந்த இன்வெர்ட்டரின் அளவு உங்களுக்குப் போதும். பம்ப், கட்டுப்பாட்டுக் கருவி, இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு எல்லாம் சேர்ந்து காலை 9 முதல் மாலை 5 வரை ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். பெரியதாக வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆனால் சைன் வேவ் வகையில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பம்ப் மோட்டார் இரைந்து சூடேறும். விளக்குகளுக்கென்று நல்ல சைன் வேவ் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்து, அதன் பேட்டரியிலும் இடம் இருந்தால், அதிலிருந்து ஒரு தனி வயர் இழுப்பதே போதுமானது. 24,000 ரூபாயும் மிச்சம்.

கடன் வாங்காமல், விடுதியின் பராமரிப்பு நிதியிலிருந்து ரொக்கமாகக் கொடுங்கள். முழுத் தொகையையும் கொடுக்குமுன், வெயில் உள்ள ஒரு நண்பகலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லி, பம்ப் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். தொட்டியில் மின்சார ஹீட்டர் இருந்தால், அது இன்வெர்ட்டர் இணைப்பில் சேராமல் தனி வயரிங்கில் இருப்பதையும் அப்போதே எலக்ட்ரீஷியனிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சேர்ந்திருந்தால் மின்சாரம் போன மறுகணமே இன்வெர்ட்டர் ஓவர்லோடாகி நின்றுவிடும்.