கில்பெக்கும் அக்கம்பக்கமும்: கேட்டவர்களுக்குப் பதில்

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் கில்பெக் என்று ஒரு சிற்றூர். அந்தப் பக்கம் அடிக்கடி சுற்றுகிறவன் என்பதால் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கில்பெக் சர்ச் ரொம்பச் சின்னதாமே, அண்ணா? மெனக்கெட்டுப் போகலாமா?

சின்னதுதான். உள்ளே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், விஷயம் வெளியே இருக்கிறது. 1140 வாக்கில் கட்டியது. கெட்டியான செம்மணற்கல் என்பதால், கிட்டத்தட்ட 900 வருட மழையிலும் செதுக்கல்கள் மழுங்கவில்லை. தெற்கு வாசலில் தொடங்குங்கள்: தூணில் கொடிகளுக்குள் சிக்கிய வீரர்கள், சுற்றிலும் பாம்புகள், விலங்குகள். அப்புறம் தலையை நிமிர்த்திக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்று வாருங்கள். கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக 85 கல் உருவங்கள். பன்றி, கரடி, இசைக் கலைஞன், அருகருகே உட்கார்ந்த நாயும் முயலும். அந்த நாயையும் முயலையும் இன்று ஒரு கார்ட்டூன்காரர் வரைந்ததென்று சொன்னாலும் நம்புவோம். பைனாகுலர் அவசியம். முதல் தடவை அது இல்லாமல் போய்க் கழுத்து வலியோடு திரும்பினேன்.

சர்ச்சுக்குப் பின்னால் நார்மன் கோட்டையின் மேடு இருக்கிறது. மேலே சுவர்த் துண்டுகள்தான் மிச்சம், ஆனாலும் ஏறுங்கள்.

பிள்ளைகளோடு போகிறோம். ஏதோ ஆபாசச் சிலை இருக்கிறதாமே?

ஷீலா-ன-கிக்கைச் சொல்கிறீர்கள். ஒரு பெண் உருவம் தன் பிறப்புறுப்பை இரு கைகளாலும் விரித்துக் காட்டும். காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்பார் சிலர், திருஷ்டி கழிக்க வைத்தது என்பார் சிலர். 85-ல் அது ஒன்றுதான். பிள்ளைகள் நாயையும் முயலையும் விட்டு நகர மாட்டார்கள், கவலை வேண்டாம்.

கார் இல்லை. முடியுமா?

ஹெரிஃபோர்ட் வரை ரயில். அங்கிருந்து கில்பெக் சுமார் 13 கி.மீ., டாக்சிதான் வசதி. மற்ற இடங்களுக்குக் கார் இல்லாமல் சிரமம். ஒரே நாள்தான் என்றால் கில்பெக் முடித்துவிட்டு ஹெரிஃபோர்ட் கதீட்ரலுக்குத் திரும்பிவிடுங்கள். 1300 வாக்கில் ஒரே கன்றுத்தோலில் வரைந்த உலக வரைபடம் அங்கே இருக்கிறது. கிழக்கு மேலே, ஜெருசலேம் நடுவில். நம் வழக்கப்படி வடக்கை மேலே தேடினால் தலை சுற்றும்.

டெம்ப்ளர் வீரர்களின் சர்ச் எது?

கார்வே ஊர் சர்ச். டெம்ப்ளர்கள் என்றால் சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர்கள். அவர்கள் கட்டிய வட்ட வடிவக் கூடத்தின் அடித்தளத்தை 1927-ல் தோண்டி எடுத்தார்கள், வெளியே நின்றே பார்க்கலாம். கோபுரம் முதலில் தனியாகக் கோணலாக நின்றது. பிற்பாடு ஒரு நடைவழி வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் 1326-ஆம் ஆண்டின் புறாமாடம், 666 பொந்துகள். அது தனியார் பண்ணை நிலம், அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

கூட்டம் இல்லாத இடம் ஒன்று சொல்லுங்கள்.

எங்குமே கூட்டம் இல்லை! என் தேர்வு அபி டோர். 1147-ல் சிஸ்டெர்சியன் துறவிகள் தொடங்கிய மடம், 1536-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்பட்டது. நீண்ட கூடம் இடிந்துபோக, மிஞ்சிய கிழக்குப் பகுதியை 1630-களில் ஸ்கடமோர் பிரபு செப்பனிட்டு ஊர் சர்ச் ஆக்கினார். தச்சர் ஜான் ஏபல் செய்த கனத்த மரத்தடுப்பு (பீடப் பகுதியை மக்கள் பகுதியிலிருந்து பிரிப்பது) உள்ளே நிற்கிறது. மரவேலை பிடிக்குமானால் செயின்ட் மார்கரெட்ஸ் சர்ச்சையும் விடாதீர்கள். 1520 வாக்கில் செதுக்கிய தடுப்பு, சரிகை மாதிரி.

ஆர்தர் கல்?

டார்ஸ்டோன் கிராமத்துக்கு மேலே குன்றில், 5,000 வருடத்துக்கும் பழைய கல்லறை. கட்டணம் இல்லை. பாதை குறுகல், எதிரே டிராக்டர் வந்தால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும்.